நாய்ப் பங்கு

வத்தல்மலை மேலே மூங்கிலாங்காடு என்று ஓர் ஊர். அந்த ஊரில் ஒரு வீட்டுக்கு மதிப்பு இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துகொள்ள நிலத்தைப் பார்க்க வேண்டாம், மாட்டைப் பார்க்க வேண்டாம். தை கழிந்து ஊர் வேட்டை முடிகிற சாயங்காலம் கறி பங்கு போடுகிற பாறைக்குப் பக்கத்தில் போய் நின்றால் போதும். ஆள் கொடுத்த வீட்டுக்கு ஆள் பங்கு. நாய் கொடுத்த வீட்டுக்கு நாய்ப் பங்கு. இரண்டும் கொடுக்காத வீட்டுக்கு ஒன்றும் கிடையாது. கறி கிடைக்காததா பெரிது? களியும் கீரையும் தின்றே வருஷத்தைத் தள்ளுகிற ஜனங்கள்தான் எல்லாரும். ஆனால் ஊர்க்கவுண்டர் ஒவ்வொரு வீட்டுப் பேராகச் சொல்லிக் கூப்பிடுவார் பாருங்கள், அந்தக் கூப்பாட்டில் பேர் வராத வீடு ஊரிலேயே இல்லாத வீடு.

கருப்பியின் வீட்டுப் பேர் இரண்டு வருஷமாக வரவில்லை.

அவள் புருஷன் வீரன் ஒரு காலத்தில் வேட்டைக்கு முன்னால் போகிற ஆள். இப்படித்தான் ஒரு வேட்டையில் பன்றி திரும்பி அவன் தொடையைக் கிழித்துவிட்டது. அவனை விட்டு அகலாமல் இருந்த நாயையும் குத்திக் குடலைச் சரித்துவிட்டது. புண் ஆறியது, கால் ஆறவில்லை. தரையில் இழுத்துக்கொண்டுதான் நடக்க முடியும். அந்த வருஷம் ஊரே பரிதாபப்பட்டு அவனுக்குக் கூடுதலாகப் பங்கு போட்டது. மறு வருஷம் பரிதாபம் தீர்ந்துபோயிற்று. கருப்பி கறி வாங்கப் போசிப் பாத்திரத்தைத் துலக்கி எடுத்துக்கொண்டு பாறைக்குப் போனாள். எல்லாப் பேரும் சொல்லி முடிந்தது. கடைசி ஆளும் கறியோடு போன பிறகும் நின்றாள். யாரும் அவளைப் போ என்றும் சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை. வெறும் போசியோடு திரும்பி வந்தாள். அந்த நடை இருக்கிறதே, அதை அவள் சாகிற வரைக்கும் மறக்கவில்லை.

ஆளைக் கொடுக்க முடியாது. நாயையாவது கொடுக்கலாம் என்று குட்டி கேட்டு வீடு வீடாக ஏறி இறங்கினாள். அடுத்த ஈற்றில் பார்க்கலாம் என்றார்கள் சிலர். வேட்டைக்குப் போகாத வீட்டில் நாய் வளர்ந்தால் கெட்டுப்போகும் என்று முகத்துக்கு நேரே சொன்னார்கள் சிலர். வீரனோ கட்டிலில் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தவன், சாப்பாட்டுக்கு மட்டும் இந்தப் பக்கம் திரும்புவான். அவனிடம் பேசுவதும் ஒன்று, அந்தச் சுவரிடம் பேசுவதும் ஒன்று.

தருமபுரி ரயிலை நிறுத்தித் தண்டவாளத்தைப் பெயர்த்து வெள்ளைக்காரன் சண்டைக்கு அனுப்பினார்களே, அந்த வருஷம். கருப்பி கடுக்காயும் தேனும் எடுத்துக்கொண்டு மலையிறங்கித் தருமபுரிக்குப் போனாள். அங்கே ஒரு துரை பங்களாவில் அவள் வழக்கமாகத் தேன் கொடுப்பாள். சமையல்காரர் சவுரியப்பன் நல்ல மனுஷன். அன்றைக்குப் பார்த்தால் பங்களா பூட்டிக் கிடந்தது. துரை சண்டைக்குப் போய்விட்டாராம். பின்பக்கத்து மாமரத்தில் ஒரு நாயைக் கட்டிப்போட்டிருந்தது. அது கட்டிய கயிறு போகிற தூரம் வட்டமாக ஓடி ஓடி, மரத்தைச் சுற்றித் தரை பள்ளமாகிவிட்டிருந்தது. செம்மண் நிறத்து உடம்பு, மேலெல்லாம் வெள்ளைப் புள்ளி, தொங்கிய காது, நீளக் கால். எலும்பு தெரிந்தது.

யாராவது எடுத்துக்கொண்டால் கொடு, இல்லையென்றால் சுட்டுவிடச் சொல்லு என்று துரை சொல்லிவிட்டுப் போயிருந்தார். யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. நாளைக்குத் துப்பாக்கி வைத்திருக்கிற ஆள் வருகிறான் என்று சவுரியப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"வேட்டை நாயிங்களா?" என்றாள் கருப்பி.

"சாதி வேட்டை நாயி. தொர இதக் கூட்டிக்கிட்டுப் போயி வெறுங்கையோட வந்ததே இல்ல. ஆனா ஒண்ணு, சும்மா கெடக்காது. ஓடணும், ஓடிக்கிட்டே இருக்கணும். அடைச்சு வெச்சியோ, வூட்டையே பேத்துப் போட்டுடும்."

"கடிக்குங்களா?"

"கடிக்கிறதா! கொரைக்கக்கூட கொரைக்காது."

அடடா, மரியாதை தெரிந்த நாய் என்று கருப்பி மனசுக்குள் மெச்சிக்கொண்டாள். துரையோடு அது எப்படி வேட்டையாடும் என்று சவுரியப்பன் விளக்கமாகச் சொல்ல வந்தார். அவள் காதில் வாங்கினால்தானே! அதற்குள் மரத்தடிக்குப் போய் முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். வேட்டை நாய் வேட்டையாடுவதைப் பற்றி மலையில் பிறந்தவளுக்கு ஒரு சமையல்காரர் சொல்லித்தர வேண்டுமா என்ன? பைத்தியக்காரி. ஒரு நிமிஷம் நின்று கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் மட்டும் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் அதற்கும் எனக்குப் பதில் தெரியவில்லை.

நாய்க்கு ஜாக் என்று பேர். அது அவளை மலை மேலே இழுத்துக்கொண்டு போயிற்று என்றுதான் சொல்ல வேண்டும். ஊருக்குள் நுழைந்தபோது அந்தப் புள்ளியையும் நீளக் காலையும் பார்த்துப் பிள்ளைகள் கைகொட்டிச் சிரித்தன. கருப்பி சந்தைக்குப் போய் மானைப் பிடித்துக் கட்டிக்கொண்டு வந்துவிட்டாள் என்று ஊர் முழுக்கப் பேச்சு. சிரிக்கட்டும், தை கழியட்டும் என்று அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

வந்த நாயா அது! சூறாவளி. முதல் நாளே தண்ணீர்ப் பானை போயிற்று. மறுநாள் கூரையிலிருந்து புல்லை உருவிப் போட்டது. காயப்போட்ட சாமையில் புரண்டு களம் முழுக்க இறைத்தது. விடிந்ததிலிருந்து பொழுது அடைகிற வரைக்கும் வீட்டுக்கும் காட்டுக்கும் ஓட்டம். ஓடி முடித்து வந்து நாக்கைத் தொங்கப்போட்டு இவள் முகத்தைப் பார்க்கும், இன்னும் என்ன வேலை இருக்கிறது என்பதுபோல. இவளுக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது. பக்கத்து வீட்டுப் பாஞ்சாலியின் கோழியைக் கவ்விக்கொண்டு வந்து வீரனின் கட்டிலில் வைத்ததுதான் உச்சம். பாஞ்சாலி மண்ணை வாரித் தூற்றிக்கொண்டு வந்தாள். பார்த்தால் கோழிக்கு ஒரு இறகுகூடச் சிலும்பவில்லை. கட்டிலை விட்டு எழுந்து கொக்கரித்துக்கொண்டு தன் வீட்டுக்கு நடந்து போயிற்று. கடிக்காமல் கவ்வுகிற நாயை அந்த ஊர் அதுவரை பார்த்ததில்லை.

கொண்டுபோய் விட்டுவிட்டு வா என்று வீரன் சுவரைப் பார்த்தபடியே சொன்னான். நாய் வந்த நாளிலிருந்து அவன் வாய் திறந்தது அப்போதுதான். விட்டால் சுட்டுவிடுவார்கள் என்றாள். நாமே செத்த மாதிரிதான் இருக்கிறோம், இதில் இது வேறா என்றான். கருப்பி தன் களியில் பாதியைப் பிட்டு, உடைந்த பானை ஓட்டில் போட்டு நாய் முன்னால் வைத்தாள். அன்றிலிருந்து அந்த ஓடுதான் அதற்குத் தட்டு.

வீரனின் சிற்றப்பன் மகன் மாதேஸ், நாய் எப்படி என்று பார்க்க ஒரு நாள் காட்டுக்கு ஓட்டிப் போனான். கொஞ்ச நேரத்தில் சிரித்துக்கொண்டே திரும்பி வந்தான். புதருக்குள்ளே முயல் கிடக்கிறது, மற்ற நாயெல்லாம் வாயைப் பிளந்து குரைத்துக்கொண்டு பாய்கிறது, இது மட்டும் ஒரு முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு கல்லாகச் சமைந்து நிற்கிறதாம். நொண்டி வீட்டுக்கு நொண்டி நாய் என்று கூட வந்தவர்களில் எவனோ சொல்ல, ஊரே சொல்லிச் சிரித்தது. கட்டிலில் கிடந்தவன் காதிலும் அது விழுந்தது. வீரன் அன்றைக்குச் சாப்பிடவில்லை.

அந்தக் கோபம்தானோ என்னவோ, இரண்டு நாள் கழித்து அவன் சுவரை விட்டுத் திரும்பிப் படுத்தான். பின்கதவு வழியே தெரிந்த கொள்ளுக் காட்டில் ஜாக் அதேபோல ஒற்றைக் காலைத் தூக்கிக்கொண்டு நின்றது. வெகு நேரமாக நின்றது. பார்த்துக்கொண்டே இருந்தவன் ஊன்றுகோலைத் தேடி எடுத்தான். காலை இழுத்துக்கொண்டு, ஏழெட்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு, அந்த நாய்க்குப் பின்னால் போய்ச் சேர்ந்தான். அவன் வந்து சேரும் மட்டும் நாய் அசையவே இல்லை. அதன் மூக்குக்கு நேரே கொடியை விலக்கினான். கவுதாரிக் கூட்டம் விர்ரென்று எழும்பியது.

வீரன் அங்கேயே உட்கார்ந்துவிட்டான். களை எடுத்துக்கொண்டிருந்த கருப்பி விழுந்தடித்துக்கொண்டு ஓடி வந்தால், மனுஷன் சிரித்துக்கொண்டிருக்கிறான். அந்த முகத்தில் சிரிப்பைப் பார்த்து அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

"இது தொரத்தற நாயி இல்ல கருப்பி. இருக்கிற எடத்தக் காட்டுது. நாம வர்ற வரைக்கும் காத்துக்கிட்டு நிக்கிது" என்றான்.

யோசித்துப் பாருங்கள், ஓட முடியாதவனுக்கு இதைவிட வேறென்ன நாய் வேண்டும்! மற்ற நாயின் பின்னால் ஓட வேண்டும். இது இவனுக்காக நிற்கும். மறுநாள் பரணில் கிடந்த வலையை இறக்கித் தைத்தான். நாய் நிற்கிற இடத்துக்கு நொண்டிக்கொண்டு போய், புதர் மேலே வலையை வீசிக் காடையும் கவுதாரியும் பிடித்தான். அந்த மாசங்களில் அந்த வீட்டு அடுப்பில் கறி வாசனை வந்தது. கட்டில் வெளியே வந்தது. இந்த இடத்தோடு நிறுத்திவிடலாம் என்றுதான் எனக்கும் ஆசை. ஆனால் தை கழிந்துவிட்டதே.

வேட்டைக்கு முதல் நாள் ஊர்க்கவுண்டர் தீர்த்தன் வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை. நாயை அனுப்புகிறாயா என்று கருப்பியிடம்தான் கேட்டார், வீரனை ஏறெடுத்துப் பார்க்கவில்லை. அனுப்புகிறேன் என்று அவள் சொல்வதற்குள் அனுப்ப முடியாது என்றான் வீரன். புருஷனும் பெண்சாதியும் பேசி முடிவு பண்ணுங்கள், விடிந்ததும் மாதேஸ் வருவான் என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

வீரன் நிதானமாகத்தான் சொன்னான். நம் ஊர் வேட்டை குரைக்கிற நாயை நம்பி நடக்கிற வேட்டை. குரைப்புச் சத்தம் எங்கே கேட்கிறதோ அங்கே ஈட்டியோடு ஓடுவார்கள். இது குரைக்காது, எங்கேயாவது நிற்கும். இதற்குப் பின்னால் எவன் வரப்போகிறான், இது எவனுக்காக நிற்கப்போகிறது என்றான். வேண்டாம் கருப்பி என்று இரண்டு தடவை சொன்னான்.

கருப்பிக்கு இரண்டு வருஷமாக உள்ளே கிடந்ததெல்லாம் பொங்கிக்கொண்டு வந்தது.

"நீங்க செவுத்தப் பாத்துப் படுத்துக்கிட்டீங்க மாமா. வெறும் போசியோட ஊரு முன்னால நடந்து வந்தவ நானு. இது அங்க போயி நிக்கட்டும். சும்மா நின்னாலும் நாயி குடுத்த வூடுன்னு பேரு சொல்லுவாங்க இல்ல? எனக்கு அது போதும்."

காடையும் கவுதாரியும் வீரன் வயிற்றுக்குத்தான் பதில், அவள் பட்ட அவமானத்துக்குப் பதில் இல்லை என்று அவனுக்கும் தெரியாமலா இருக்கும்? காலையில் மாதேஸ் வந்தபோது நாயின் காதை ஒரு தடவை நீவிவிட்டுக் கயிற்றை அவன்தான் எடுத்துக் கொடுத்தான். ஜாக்குக்குத் தலைகால் புரியவில்லை. ஈட்டியும் கூட்டமும் பார்த்து மாதேஸை இழுத்துக்கொண்டு முன்னால் ஓடியது. துரை காலத்து ஞாபகம் வந்துவிட்டது போலும்.

பகல் முழுக்கக் கருப்பி வாசலில்தான் இருந்தாள். பள்ளத்திலிருந்து தப்பட்டைச் சத்தமும் நாய்க் குரைப்பும் ஏறி ஏறி வந்தன. இது மாதேஸ் வீட்டு நாய், இது பாஞ்சாலி வீட்டு நாய் என்று குரலைக் கேட்டே சொன்னாள். தன் நாயின் குரல் எப்படி இருக்கும் என்று அவளுக்கே தெரியாது. மேற்கே குரைப்பு ஓய்ந்து கிழக்கே தள்ளிப் போயிற்று. அப்புறம் ஒரு கூச்சல். கொஞ்சம் பொறுத்துப் பன்றி விழுந்தால் அடிக்கிற அடி தப்பட்டையில் கேட்டது. அவள் எழுந்து போய்ப் புளி போட்டுப் போசியைத் துலக்கினாள்.

சாயங்காலம் பாறைக்குப் பக்கத்தில் ஊரே கூடியிருந்தது. கருப்பி கூட்டத்துக்குப் பின்னால், அன்றைக்கு வெறும் போசியோடு நின்ற அதே இடத்தில் நின்றாள். தீர்த்தன் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். முதல் பேராக அவள் வீட்டுப் பேரைச் சொன்னார்.

"வீரன் வூடு. நாய்ப் பங்கு. பின்னந்தொட, தல."

தலையா! கருப்பிக்குக் கால் தரையில் பாவவில்லை. முதல் பேர், அதோடு தலையும் சேர்த்து. கூட்டம் விலகி வழிவிட்டது. போசியைத் தூக்கிக்கொண்டு நாலு எட்டு வைத்த பிறகுதான், யாரும் சிரிக்கவில்லை என்பது உறைத்தது. பாஞ்சாலி அவள் கண்ணைப் பார்க்காமல் குனிந்துகொண்டாள். தீர்த்தனுக்குப் பக்கத்தில் மாதேஸ் உட்கார்ந்திருந்தான். கையில் வெறும் கயிறு இருந்தது.

வேட்டையில் விழுந்த நாய்க்குத்தான் தொடையோடு தலையும் சேரும். அந்த வழக்கம் அவளுக்குத் தெரியாதா? அவள் வீட்டு நாயே ஒரு தடவை அப்படி விழுந்ததுதானே? ஆசை கண்ணை மறைத்திருந்தது, அவ்வளவுதான்.

மாதேஸ்தான் சொன்னான், விக்கி விக்கிச் சொன்னான். நாயெல்லாம் கிழக்கே முயலைக் குரைத்துக்கொண்டு ஓடியபோது ஜாக் தனியாக ஈச்சம் புதருக்குள் போயிருக்கிறது. இவன் புதர் ஓரமாக வந்திருக்கிறான். உள்ளே செம்மண் நிறமும் வெள்ளைப் புள்ளியும் தெரிந்தது. சத்தம் இல்லை. அந்த ஊர் வேட்டையில் புதருக்குள் சத்தம் போடுவது நாய், சத்தம் போடாமல் நிற்பது மிருகம். அப்பன் பாட்டன் காலத்திலிருந்து அப்படித்தான். ஈட்டியை வீசிவிட்டான். அப்போதும் அது கத்தவில்லையாம். அது விழுந்த பிறகுதான் அதன் மூக்குக்கு நேரே படுத்திருந்த பன்றி எழுந்து பாய்ந்து, வெளியே நின்றவர்கள் ஈட்டியில் போய் விழுந்தது.

"மான்னு நெனச்சிட்டேன் அண்ணி" என்றான் மாதேஸ்.

ஒற்றைக் காலைத் தூக்கிக்கொண்டு பன்றி முன்னால் அது யாருக்காகக் காத்து நின்றதோ, துரைக்காகவோ, வீரனுக்காகவோ. வந்தவன் இவன். யாரைக் குற்றம் சொல்ல? கருப்பி யாரையும் திட்டவில்லை. பாறை மேலே போசியை வைத்தாள். அதில் கறி கொள்ளவில்லை. ஒரு மூங்கில் தட்டில் தொடையையும் தலையையும் வைத்து இரண்டு ஆள் தூக்கிக்கொண்டு அவளுக்குப் பின்னால் வந்தார்கள். ஊர்க்கவுண்டர் வந்தார், பாஞ்சாலி வந்தாள். இரண்டு வருஷமாக எட்டிப் பார்க்காத சனமெல்லாம் அன்றைக்கு அவள் வாசல் வரைக்கும் வந்தது.

வீரன் ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றான். தட்டைப் பார்த்தான். கூட்டத்தின் கால்களுக்கு நடுவே தேடினான். தலை வந்திருக்கிறதே, வேட்டைக்காரனுக்கு வேறு யாரும் சொல்ல வேண்டியதில்லை. எங்கே புதைத்தீர்கள் என்று மட்டும் கேட்டான். ஈச்சம் புதரிலேயே, கல் வைத்திருக்கிறது என்றார் தீர்த்தன். வீரன் திரும்பிக் கட்டிலை நோக்கி நடந்தான்.

கூட்டம் கலைந்ததும் கருப்பி அரிவாளை எடுத்துக் கறியை அறுக்க உட்கார்ந்தாள். வேறு என்ன செய்வாள்? தேடித் தேடிக் கேட்டு வாங்கிய பங்கு. எறியவும் முடியாது. உள்ளேயிருந்து வீரன் குரல் வந்தது. கோபம் இல்லை, ஒன்றும் இல்லை, வெறும் குரல்.

"அது நாய்ப் பங்கு கருப்பி. மொத வாயி நாயிதான் வெக்கணும்."

அவள் கை நின்றுவிட்டது. ஆமாம், அந்தப் பங்குக்கு அப்படி ஒரு கட்டு இருந்தது. உழைத்த நாய் முதல் வாய் வைத்த பிறகுதான் வீட்டார் வாய் வைக்கலாம். நாய் விழுந்துபோனால் அந்த வீட்டின் இன்னொரு நாய் வைக்கும். ஆள் பங்கும் சேர்ந்து வருகிற வீட்டில் இந்தக் கட்டு யாருக்கும் கஷ்டமாகப் பட்டதில்லை. ஆள் பங்கு இல்லாத வீடு, ஒரே நாயும் போய்விட்ட வீடு. மூங்கிலாங்காட்டில் யாரும் இப்படி ஒரு வீட்டை நினைத்து அந்த வழக்கத்தை வைக்கவில்லை.

இரவல் நாய் வாய் வைத்தால் ஆகுமோ என்று பாஞ்சாலி வீட்டு நாயை அழைத்து ஒரு துண்டைப் போட்டுப் பார்த்தாள். வேட்டை அன்றைக்கு எந்த நாய்க்குப் பசி இருக்கும்? அது முகர்ந்துவிட்டுத் தன் வீட்டுக்குப் போய்விட்டது.

கருப்பி தொடையிலிருந்து நல்ல சதையாக ஒரு துண்டு அறுத்து, அந்த உடைந்த பானை ஓட்டில் வைத்தாள். பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். அது குரைக்காத நாய், வந்தால் சத்தம் கேட்காதே என்று தலையைத் தூக்கித் தூக்கிப் பாதையைப் பார்த்தாள். உள்ளே கட்டில் கிரீச்சென்றது. வீரன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தான்.

கறி மூன்றாம் நாள் நாறியது. ஊருக்குத் தெரியாமல் அவள் அதைக் கொள்ளுக் காட்டில் புதைத்தாள். மறு வருஷம் தை கழிந்தது. தப்பட்டை அவள் வாசலைத் தாண்டிப் போயிற்று. பாறையில் ஒவ்வொரு வீட்டுப் பேராகச் சொல்லிக் கூப்பிட்டார்கள். கருப்பி போசியை எடுக்கவில்லை.